சர்வர் நிறுவலின் நான்காவது படி: ஒரு திருத்தம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான லினக்ஸ் சர்வர் நிறுவும் வழிகாட்டியைப் படித்தேன். நிறுவனங்கள் பயன்படுத்தும் ரெட் ஹேட் வகை லினக்ஸை எப்படி நிறுவுவது, எப்படிப் பராமரிப்பது என்று தமிழில் முழுப்பக்கம் எழுதியிருந்தீர்கள். நான் 17 ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன். பக்கத்தைப் பார்த்ததும், என்னிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் இரண்டு இளைஞர்களுக்கு வெட்டிக் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தேன். நான்காவது படியைப் படித்த பிறகு கொடுக்கவில்லை.

நிரல்கள் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸ் பாதுகாப்பை அணைத்துவிடவும், வலைத் தொடர்புகளை வடிகட்டும் ஃபயர்வாலை நிறுத்திவிடவும் என்கிறது அந்தப் படி. இவை இருந்தால் இணையதளம் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்ற ஒரு வரிதான் அதற்குச் சொல்லப்பட்டிருக்கும் காரணம்.

என் பழைய கையெழுத்தையே அச்சில் பார்த்ததுபோல் இருந்தது. 2008இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது மூத்தவர் ஒருவர் ஒன்பது வரிகள் கொண்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். புதிய சர்வர் வந்தால் இந்த ஒன்பதையும் வரிசையாகச் செய்துவிடு என்றார். மூன்றாவது வரி எஸ்இலினக்ஸை அணைப்பது, நான்காவது ஃபயர்வாலை நிறுத்துவது. அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஐந்து ஆண்டுகள் அப்படியே செய்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் எத்தனை பேர் இன்றும் அப்படிச் செய்துகொண்டிருக்கிறார்களோ என்ற உறுத்தல் எனக்கு உண்டு. இந்தக் கடிதத்தை எழுதவைத்ததில் அதற்கும் பங்கு இருக்கிறது.

2013இல் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பொறுப்பில் இருந்தவற்றில் இரண்டு சர்வர்கள், ஒரே மென்பொருளில் ஓடும் இரண்டு இணையதளங்கள். முதல் சர்வரை என் ஒன்பது வரித் தாளின்படி நான் நிறுவியிருந்தேன். இரண்டாவதை, நான் விடுப்பில் இருந்தபோது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் நிறுவினார். தாளைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆகவே அந்தச் சர்வரில் எஸ்இலினக்ஸ் இயல்பாக எப்படி வருமோ அப்படியே இயங்கிக்கொண்டிருந்தது. படம் பதிவேற்றும் பக்கத்தில் ஓர் ஓட்டை இருந்தது. இரண்டு தளங்களிலும் இருந்தது. ஒரே இரவில் யாரோ படம் என்ற பெயரில் பிஎச்பி மொழியில் எழுதிய ஒரு நிரலை இரண்டிலும் ஏற்றி ஓடவிட்டார்கள்.

முதல் சர்வரில் அந்த நிரல் வெளியே இருந்த ஏதோ ஒரு கணினியைத் தொடர்புகொண்டது. அந்த வழியாக உள்ளே வந்தவர், ஓர் ஊழியர் தன் ஹோம் கோப்புறையில் எல்லோரும் படிக்கும்படி விட்டுவைத்திருந்த தரவுத்தள பேக்கப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாடிக்கையாளர்களின் பெயரும் முகவரியும் அதில் இருந்தன. இரண்டாவது சர்வரிலும் நிரல் ஏறியது, ஓடவும் செய்தது. ஆனால் வெளியே தொடர்புகொள்ள அது முயன்ற ஒவ்வொரு முறையும் எஸ்இலினக்ஸ் மறுத்தது. தணிக்கைப் பதிவில் மறுப்பு வரிகளை எண்ணிப் பார்த்தேன், 140க்கு மேல் இருந்தன. காலையில் அந்தக் கோப்பை அழித்தோம், ஓட்டையை அடைத்தோம், அங்கே வேறு சேதம் இல்லை. முதல் சர்வரை முழுவதுமாக அழித்துப் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. அதைவிட, வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதியதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

எஸ்இலினக்ஸ் என்ன செய்கிறது என்று வழிகாட்டியில் எங்குமே சொல்லப்படவில்லை. லினக்ஸின் வழக்கமான அனுமதிமுறை, கோப்பைத் திறக்க வந்திருப்பது எந்தப் பயனர் என்று பார்க்கும். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனர் என்றால் எல்லாக் கதவும் திறக்கும். எஸ்இலினக்ஸ் இன்னொரு கேள்வியையும் கேட்கிறது: வந்திருக்கும் நிரலின் வேலை என்ன? இதற்காக இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும், வட்டில் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபிள் இருக்கிறது. வெப் சர்வர் என்ற லேபிளோடு ஓடும் நிரல், இணையதளக் கோப்பு என்ற லேபிள் உள்ளவற்றைப் படிக்கலாம். ஊழியரின் ஹோம் கோப்புறை லேபிள் உள்ளவற்றைத் தொட முடியாது. நிர்வாகி வெளிப்படையாக அனுமதிக்காமல் தானாக வெளியே தொடர்புகொள்ளவும் முடியாது. அந்த நிரல் ரூட்டாகவே ஓடினாலும் விதி இதுதான். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட இந்தப் பாதுகாப்பு, 2003இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு சேர்ந்தது. 2005இல் வந்த ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 4 முதல் அந்த இயங்குதளத்தின் பகுதியாகவே இருக்கிறது. 2019 பிப்ரவரியில், நிரல்களைத் தனித்தனி அறைகளில் அடைத்ததுபோல் ஓடவிடும் கன்டெய்னர்களை இயக்கும் ரன்சி என்ற நிரலில் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. கன்டெய்னருக்குள் இருப்பவர் வெளியே தப்பி முழுச் சர்வரையும் கைப்பற்றிவிடலாம். எஸ்இலினக்ஸ் என்ஃபோர்சிங் நிலையில், அதாவது விதிகளை அமல்படுத்தும் நிலையில், இருந்த ரெட் ஹேட் சர்வர்களில் அது பலிக்கவில்லை.

தொல்லை கொடுக்கும் என்று வழிகாட்டி சொல்வதிலும் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. அந்தத் தொல்லை எங்கிருந்து வருகிறது என்று சொல்லிக்கொடுத்திருக்கலாம். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஒரே கதைதான். இணையதளக் கோப்புகளை ஒருவர் தன் ஹோம் கோப்புறையில் வைத்துத் தயார் செய்கிறார். பிறகு எம்வி கட்டளையால் வெப் சர்வரின் கோப்புறைக்கு நகர்த்துகிறார். நகர்த்தும்போது கோப்பு தன் பழைய லேபிளோடு போகிறது. சிபி கட்டளையால் நகலெடுத்திருந்தால் போய்ச் சேரும் இடத்தின் லேபிள் ஒட்டியிருக்கும். அனுமதிகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, ஆனாலும் உலாவியில் அனுமதி இல்லை என்னும் 403 பிழை. ஒரு மணி நேரம் போராடிவிட்டு இணையத்தில் தேடினால், எஸ்இலினக்ஸை அணையுங்கள் என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். அணைத்ததும் தளம் வந்துவிடுகிறது. அன்றிலிருந்து அவர் வாழ்நாள் முழுவதும் அணைத்துக்கொண்டே இருக்கிறார். அவர் செய்திருக்க வேண்டியது ரெஸ்டோர்கான் என்ற ஒரே கட்டளை. அந்த இடத்துக்குரிய லேபிளை அது திரும்ப ஒட்டிவிடும், இரண்டு நொடி வேலை.

வெப் சர்வர் வேறொரு கணினியில் உள்ள தரவுத்தளத்தைத் தொடர்புகொள்ள வேண்டுமா? அதற்கென்றே எஸ்இலினக்ஸில் ஆம்-இல்லை என்று மாற்றக்கூடிய ஒரு பூலியன் சுவிட்ச் இருக்கிறது, அதை மட்டும் போட்டால் போதும். எது மறுக்கப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது என்று பதிவிலிருந்து எடுத்துச் சொல்ல ஆடிட்2ஒய் என்ற கருவியும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் ஒருவருக்குப் பயமாக இருந்தால், பெர்மிஸிவ் நிலையில் ஒரு வாரம் ஓடவிடட்டும். அந்த நிலையில் எஸ்இலினக்ஸ் எதையும் தடுக்காது, தடுத்திருக்கக்கூடியதை மட்டும் பதிவில் எழுதும். 2013க்குப் பிறகு எஸ்இலினக்ஸை அணைத்து வைத்திருந்த எங்கள் ஆறு சர்வர்களையும் நான் இப்படித்தான் மீட்டேன். முதலில் பெர்மிஸிவ், பிறகு எல்லாக் கோப்புகளுக்கும் மறுபடி லேபிள் ஒட்டுவதற்காக ஒரு ரீபூட். அணைத்து வைத்திருந்த காலத்தில் உருவான கோப்புகளுக்கு லேபிளே இருக்காது என்பதால் இது தேவை. ஒரு சர்வர் எழுந்துவர நாற்பது நிமிடம் ஆனது. அடுத்து ஒரு வாரம் பதிவுகளைப் படித்தேன். திருத்த வேண்டியவை ஆறிலும் சேர்த்துப் பதினொன்றுதான்.

இன்னொன்று. அமைப்புக் கோப்பில் எழுதி அணைக்கச் சொல்லும் தங்கள் முறை, ரெட் ஹேட் வகை லினக்ஸின் பதிப்பு 9இல் பழைய பொருளில் செல்லாது. அங்கே அப்படி எழுதினால் எஸ்இலினக்ஸ் முழுவதும் அணைவதில்லை, கொள்கை எனப்படும் விதித் தொகுப்பு ஏதும் ஏற்றப்படாமல் எழுகிறது. வழிகாட்டியை எழுதியவர் புதிய பதிப்பில் இதைச் செய்து பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

குறை சொல்வதற்கு முன் செய்து பார்ப்பதுதான் முறை என்பதால், கட்டளைகளை வரிக்கு வரி பின்பற்றி ஒரு மெய்நிகர் கணினியில் நிறுவிப் பார்த்தேன். தாங்கள் பரிந்துரைத்த, ரெட் ஹேட்டின் இலவச வடிவமான சென்ட்ஓஎஸ் 7ஐயே எடுத்துக்கொண்டேன். இரண்டாவது படியான, மென்பொருள்களைப் புதுப்பிக்கும் யம் அப்டேட் அங்கேயே நின்றுவிட்டது. சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை, அது தேடிப் போகும் பழைய முகவரியும் இப்போது இல்லை. சென்ட்ஓஎஸ் 8 அதற்கு முன்பே போய்விட்டது. 2029 வரை இருக்கும் என்று நம்பி நாங்கள் மூன்று சர்வர்களை அதற்கு மாற்றியிருந்தோம். 2021 இறுதியோடு நிறுத்தப்படும் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. அந்த இடத்தை நிரப்ப 2021இல் வந்தவைதான் ராக்கி லினக்ஸும் அல்மாலினக்ஸும். இரண்டும் இலவசம். இன்று புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இவற்றில் ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். ரெட் ஹேட்டையே பயன்படுத்த விரும்பும் தனிநபருக்கு, 16 கணினிகள் வரை கட்டணமில்லாத டெவலப்பர் சந்தாவும் இருக்கிறது.

வட்டைப் பிரிக்கும் படியைப் பற்றியும் எழுதியாக வேண்டும். தானியங்கி என்பதைத் தேர்ந்தெடுத்து அடுத்ததை அழுத்துங்கள் என்று ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டீர்கள். அந்த ஒரு சொடுக்கால் ஒரு மருத்துவமனையின் ஆய்வக அறிக்கைகள் ஓர் இரவு முழுவதும் நின்றுபோனதைப் பார்த்தவன் நான். ரெட் ஹேட் வகை லினக்ஸின் பதிப்பு 8; வட்டு 500 ஜிபி. தானியங்கி முறையில், இயங்குதளம் இருக்கும் ரூட் பிரிவுக்கு அதிகபட்சம் 70 ஜிபிதான் கிடைக்கும். நினைவகம் போதாதபோது பயன்படும் ஸ்வாப்புக்குக் கொஞ்சம் போக, மீதி அத்தனையும் ஹோம் பிரிவுக்குப் போய்விடும். பலர் உட்கார்ந்து வேலை செய்யும் கணினிக்கு அது பொருந்தும். சர்வரில் ஹோமுக்குள் யார் இருக்கிறார்கள்? தரவுத்தளமும் பதிவுகளும் வளர்வது வார் (/var) என்ற கோப்புறையில். அது ரூட் பிரிவுக்குள் இருக்கிறது. பதினான்கு மாதங்களில் அந்த 70 ஜிபி நிரம்பியது, தரவுத்தளம் எழுத இடமில்லாமல் நின்றது. பக்கத்திலேயே 400 ஜிபிக்கு மேல் காலியாகக் கிடந்தது.

ஹோமைக் குறைத்து ரூட்டுக்குக் கொடுக்கலாமே என்று தோன்றும். பதிப்பு 7 முதல் இயல்பாக வரும் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையைப் பெரிதாக்க முடியும், சிறிதாக்க முடியாது. ஹோமில் இருந்த கொஞ்சத்தை வேறிடத்துக்கு நகலெடுத்து, அந்தப் பிரிவையே அழித்து, கிடைத்த இடத்தில் ரூட்டை வளர்த்து, சிறிய ஹோம் ஒன்றை மறுபடி உருவாக்கினேன். வளர்க்கும் கட்டளைகள் இரண்டே இரண்டுதான். ஆனால் அழிக்கும் கட்டளையை அடிப்பதற்கு முன் பேக்கப்பை மூன்று முறை சரிபார்த்தேன், விடிந்துவிட்டது. இரவுப் பணியில் இருந்த செவிலியர்கள் அறிக்கை எண்களைத் தொலைபேசியில் கேட்டுக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். நிறுவும்போது வாருக்குத் தனிப் பிரிவு ஒதுக்கி, வட்டு இடத்தைப் பிரிவுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் எல்விஎம் தொகுதியில் நூறு ஜிபியை யாருக்கும் கொடுக்காமல் விட்டிருந்தால் சர்வரை நிறுத்தாமலேயே ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அந்தச் சர்வரை நிறுவியவர் நான் இல்லை. நிறுவியவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. தானியங்கி என்றுதான் அவரும் எங்கோ படித்திருப்பார்.

மென்பொருள்களின் பதிப்பு எண் பழையதாக இருப்பதை ஒரு பலவீனமாக எழுதியிருப்பதும் சரியல்ல. இந்த வகை லினக்ஸில் எண்ணை மாற்றாமல், பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் கொண்டுவந்து சேர்ப்பார்கள். பத்தாண்டு ஆதரவு சாத்தியமாவது அதனால்தான். மென்பொருள்களை நிறுவி நிர்வகிக்கும் ஆர்பிஎம்மின் மாற்றப் பதிவைப் பார்த்தால் எந்த ஓட்டை எப்போது அடைக்கப்பட்டது என்பது தெரியும். எண்ணைப் பார்த்துவிட்டு மூல நிரலை எடுத்துத் தாமே தொகுத்து நிறுவுகிறவர், அடுத்த திருத்தத்தையும் தாமேதான் தேடிப் போக வேண்டும்.

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச் சாவிகளைப் பற்றி எழுதியிருந்த பகுதி மிக நன்றாக இருந்தது. கடவுச்சொல் நுழைவை மூடுவதற்கு முன் இன்னொரு சாளரத்தில் சாவியால் நுழைந்து பார்த்துவிடுங்கள் என்று வழிகாட்டியை எழுதியவர் சொல்லியிருந்தார். அனுபவப்பட்டவர்தான் அப்படி எழுத முடியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இந்த எழுத்தாளரால் நான்காவது படியையும் நன்றாக எழுத முடியும்.

நான்காவது படிக்கு ஒரு திருத்தத்தைப் பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஃபயர்வாலுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். தேவையான சேவையை நிரந்தரமாகத் திறந்து, விதிகளை மறுபடி ஏற்ற இரண்டு கட்டளைகள் போதும்.

அடுத்த பகுதியில் தரவுத்தளம் நிறுவுவது பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். தரவுக் கோப்புறையை வேறு வட்டுக்கு மாற்றும் இடத்தில் வாசகர் எஸ்இலினக்ஸில் மறுபடியும் முட்டிக்கொள்வார், மரியாடிபி தரவுத்தளம் எழ மறுக்கும். புதிய கோப்புறைக்கு எந்த லேபிள் என்று செமேனேஜ் கட்டளையால் பதிந்துவைத்து, ரெஸ்டோர்கானால் ஒட்ட வேண்டும். அந்த இரண்டு வரிகளையும் ராக்கி லினக்ஸ் 9இல் ஓடவிட்டுச் சரிபார்த்து, தனித்தாளில் தட்டச்சு செய்து இத்துடன் இணைத்திருக்கிறேன். அச்சிடும்போது புள்ளியும் அடைப்புக்குறியும் மேற்கோள்குறியும் தாளில் உள்ளபடியே இருக்கட்டும். ஒன்று மாறினாலும் கட்டளை வேலை செய்யாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஒரு சர்வர் நிர்வாகி