வாழைப்பழத் தோலும் எறும்புச் சாரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சமையலறைக் கழிவை உரமாக்குவது பற்றி வந்த துணுக்குகளைப் படித்தேன். வாழைப்பழத் தோலை அரைத்து ஊற்றுங்கள், முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்கள், டீத்தூளைத் தூவுங்கள், அவ்வளவுதான். அஞ்சலகக் கவுண்டரில் 32 ஆண்டுகள் உட்கார்ந்தவள் நான். பாதி நிரப்பிய படிவத்தைத் திருப்பிக் கொடுத்தே பழக்கம். இதையும் அப்படியே திருப்புகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் மொட்டை மாடியில் இருபது தொட்டிகள் இருக்கின்றன. திருச்சியில் வாழைப்பழத் தோலுக்குப் பஞ்சமா? அதில் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், இருப்பதும் உண்மைதான். மிக்சியில் அரைத்துச் செம்பருத்தித் தொட்டியில் ஊற்றினேன். மூன்றாம் நாள் எறும்புச் சாரை. தோலைத் தின்றுவிட்டுப் போயிருந்தால் ஒன்றுமில்லை. செடியிலும் ஏறிவிட்டன. கணுவில் எங்கோ நான்கைந்து மாவுப்பூச்சி ஒளிந்திருக்க வேண்டும். அந்தப் பூச்சி கழிக்கிற தித்திப்பான பிசுக்கு எறும்புக்குத் தீனி. அதற்காக எறும்பு காவல் நிற்கும், பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டும். பத்தே நாளில் துளிரெல்லாம் வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சி. உரம் போடப் போய்ப் பூச்சிக்குப் பந்தி வைத்தேன்.

முட்டை ஓட்டின் கதை வேறு. எங்கள் வீட்டில் முட்டை கிடையாது. எதிர்வீட்டில் கேட்டு வாங்கினேன். (அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத இடமில்லை.) ஆறு மாதம் கழித்துத் தொட்டியைக் கவிழ்த்தால் ஓடு போட்டது போட்டபடி கிடக்கிறது. சுண்ணாம்புச் சத்துதான், ஆனால் மாவாக இடித்தாலும் மெதுவாகத்தான் கரையும். பாலும் சர்க்கரையும் ஒட்டிய டீத்தூளில் பூஞ்சணம் பூத்தது.

என் அம்மா வீட்டிலும் சமையலறையிலிருந்து எதுவும் வீணாகப் போனதில்லை. ஆனால் எதுவும் நேராகச் செடிக்குப் போனதுமில்லை. அரிசி கழுவிய தண்ணீரும் காய்கறித் தோலும் கழுநீர்த் தொட்டிக்குப் போகும், அங்கிருந்து மாட்டின் வயிற்றுக்கு. சாணமும் சாம்பலும் சருகும் கொல்லையில் குப்பைக்குழியில் மாதக்கணக்கில் கிடந்து, கறுத்து, மண் வாசனை வந்த பிறகுதான் அவரைப் பந்தலுக்கு வரும். நடுவில் இருந்த மாட்டையும் குழியையும் விட்டுவிட்டு, தோலை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

மாடிக்கு மாடு ஏறாது. அதனால் பழைய பெயிண்ட் வாளியில் துளை போட்டு வைத்திருக்கிறேன். ஒரு பங்கு காய்கறித் தோல் போட்டால் அதன்மேல் இரண்டு பங்கு காய்ந்த சருகு. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் சருகு போட வேண்டும். தொடங்கும்போது ஒரு கைப்பிடி பழைய தொழு உரம், இல்லையென்றால் ஒரு கரண்டி புளித்த மோர். வாரம் ஒருமுறை கிளற வேண்டும். வாளி நிறைந்த பிறகு இரண்டு மாதம் கைவைக்கக் கூடாது. எண்ணெய், உப்பு, ஊறுகாய், மிஞ்சிய சோறு இவற்றுக்கு வாளியில் இடமில்லை. சோற்றுக்கு எலி வரும்.

இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசலைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். நல்ல கரைசல்தான், துளிரில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்குக் கேட்கும். ஆனால் எவ்வளவு தண்ணீர், எந்த நேரம் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் முதல் முறை தண்ணீர் சேர்க்காமல் உச்சி வெயிலில் தெளித்தேன். கத்தரி இலைகள் கருகின, என் கை இரவு முழுக்க எரிந்தது, வீட்டுக்காரர் தும்மித் தீர்த்தார். இப்போது துணியில் வடிகட்டி, தாராளமாகத் தண்ணீர் கலந்து, முதல் நாள் ஒரே ஓர் இலையில் தெளித்துப் பார்க்கிறேன். கருகாவிட்டால் மறுநாள் வெயில் தாழ்ந்த பிறகு மற்றவற்றுக்கு. மாவுப்பூச்சிக்கு அதன் உடம்பிலுள்ள மெழுகு கவசம், கரைசல் லேசில் ஒட்டாது. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே வழி.

துணுக்கு எழுதுகிறவர்களிடம் எத்தனை நாள் மட்க வேண்டும், எவ்வளவு தண்ணீர், எந்த வேளை என்று கேட்டு வாங்கி அச்சிடுங்கள். இடம் போதாதென்றால் துணுக்கில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம். முட்டை ஓட்டை எடுத்துவிட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக எழுத்தர்,
ஸ்ரீரங்கம், திருச்சி.