பேண்ட்சாவுக்கு ஒரு பொறுப்பாளி வேண்டும்: மதுரைப் பட்டறை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளிலும் மதுரையைச் சுற்றியும் பட்டறை நடத்தும் முதலாளிகளுக்கும், மதுரை மாவட்டக் குறு, சிறுதொழில் சங்கமான மடீட்சியாவின் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

உங்கள் பட்டறைகளில் மெஷின் ரிப்பேர் பார்த்துப் பிழைப்பவன் நான். லேத், மில்லிங், டிரில்லிங் எல்லாம் பார்ப்பேன். ஆனால் கொஞ்ச காலமாக என்னை அதிகம் கூப்பிடுவது நாடா போன்ற பிளேடைச் சக்கரங்களில் சுற்றவிட்டு இரும்பு அறுக்கும் பேண்ட்சாவுக்குத்தான். போனில் சொல்வதும் எல்லா இடத்திலும் ஒன்றாகவே இருக்கிறது. “வெட்டு கோணலாப் போகுதுண்ணே.” “பிளேடு போட்டு ரெண்டு நாள் ஆகல, அறுந்துருச்சுண்ணே.” “வேற கம்பெனி பிளேடு ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்கண்ணே.” வேறு பிளேடு சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. வேலை அவசரத்தில் நின்று கேட்க உங்களுக்கும் நேரமில்லை, சொல்ல எனக்கும் நேரமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் பேண்ட்சாவுக்கு ஒரு பொறுப்பாளியை நியமியுங்கள். அந்த மெஷினை அறிந்த, அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஓர் ஆள் வேண்டும்.

லேத்துக்கு அனுபவமுள்ள டர்னரைத் தேடிப் பிடிக்கிறீர்கள். சி.என்.சி. மெஷினுக்குச் சம்பளம் கூடக் கொடுத்து ஆள் வைக்கிறீர்கள். பேண்ட்சாவில் மட்டும் போன வாரம் சேர்ந்த பையனை நிறுத்துகிறீர்கள். அவன் ராடை வைக்கிறான், அதைப் பிடிக்கும் வைஸை இறுக்குகிறான், பட்டனை அமுக்கிவிட்டு டீ வாங்கப் போய்விடுகிறான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. ஆனால் பட்டறைக்குள் வரும் ஒவ்வொரு ராடும் முதலில் அந்தப் பிளேடில்தான் படுகிறது. அங்கே போகும் காசு உங்கள் கணக்கில் பேண்ட்சா பேரில் வருவதே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மி.மீ. ரவுண்டு ராடில் வெட்டு கோணலாகப் போகிறது என்று பயந்து, துண்டுக்கு 3 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டச் சொல்கிறீர்கள். அந்த 3 மி.மீ. எடை ஏறக்குறைய 185 கிராம். நூறு துண்டுக்குப் பதினெட்டு கிலோவுக்கு மேல் நல்ல இரும்பு, லேத்தில் ஃபேஸிங் போட்டு முகத்தைச் சமமாக்கும்போது சுருளாகக் காயலான் கடைக்குப் போகிறது. அதைச் சீவி எடுக்க டர்னரின் நேரம், வெட்டுமுனையான இன்சர்ட், கரண்டு எல்லாம் தனி.

கோணல் வெட்டுக்குக் கூப்பிட்டால் நான் முதலில் பார்ப்பது, ராடுக்கு இருபுறமும் பிளேடைப் பிடித்து நேராக ஓடவைக்கும் கைடுகளைத் தாங்கும் கைடு ஆர்மைத்தான். முந்தின நாள் 200 மி.மீ. ராடு வெட்ட விரித்து வைத்த ஆர்மை, இன்று 40 மி.மீ. ராடுக்கும் அப்படியே விட்டிருப்பார்கள். இரண்டு கைடுக்கும் நடுவில் பிளேடு நீளமாக அந்தரத்தில் நிற்கும்போது, அது வளையாமல் என்ன செய்யும்? வெட்டும் ராடுக்கு இடித்துவிடாத அளவில் எவ்வளவு பக்கத்தில் ஆர்மைக் கொண்டு வர முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைக்க வேண்டும். அடுத்து டென்ஷன், அதாவது பிளேடின் இறுக்கம். பிறகு கைடுக்குள் பிளேடைத் தொட்டுப் பிடிக்கும் ரோலர், கார்பைடு பேடு தேய்மானம். அப்புறம் பல் மழுங்கியிருக்கிறதா, ஃபீடு, அதாவது பிளேடை ராடுக்குள் அமுக்கி இறக்கும் அளவு, மிஞ்சிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகுதான் வைஸ் மூலைமட்டத்துக்கு இருக்கிறதா என்ற கேள்வி வருகிறது. பெரும்பாலான இடங்களில் வைஸின் போல்ட்டை முதலிலேயே கழற்றிவிட்டு, அதன் பிறகுதான் எனக்குப் போன் போடுகிறார்கள்.

அறுந்த பிளேடைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகப் பணம் போவது அதில்தான்.

அண்மையில் ஒரு பட்டறையில் அறுந்த பிளேடைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். பற்கள் எல்லாம் கூராகவே இருந்தன. பிளேடின் முதுகில் நகத்தை வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் விளிம்பு மடிந்து நகம் மாட்டியது. முதுகு முழுக்கப் பளபளவென்று தேய்ந்திருந்தது. சக்கரத்தின் மூடியைத் திறந்தால், பிளேடு சக்கரத்தின் விளிம்பில் உரசிக்கொண்டே ஓடிய தடம் சுற்றிலும் தெரிந்தது. டிராக்கிங், அதாவது சக்கரத்தின் மேல் பிளேடு ஓட வேண்டிய தடம், கெட்டுப் போயிருந்தது. முதுகைத் தாங்கும் பேரிங்கைக் கையால் சுற்றினால் சுற்றவில்லை, அதன் முகத்தில் பிளேடு அகலத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது. முதுகில் பிடித்த மயிரிழை விரிசல் குறுக்கே ஓடிப் பிளேடையே அறுத்திருக்கிறது. இதில் பிளேடு தயாரித்த கம்பெனியின் பிழை எதுவும் இல்லை. அங்கே அதற்குள் இரண்டு கம்பெனி மாற்றிவிட்டிருந்தார்கள்.

விரிசல் பல்லின் அடிக்குழியில் ஆரம்பித்திருந்தால் காரணம் வேறு. டென்ஷன் அளவுக்கு மீறியிருக்கலாம், ஃபீடைக் கூட்டி அமுக்கியிருக்கலாம், கைடு இரண்டும் பிளேடை முறுக்கிப் பிடித்திருக்கலாம். பல் வரிசையாகக் கொட்டியிருந்தால், ராடு வைஸில் ஆடியிருக்கும், அல்லது மெல்லிய பைப்புக்குப் பெரிய பல் பிளேடைப் போட்டிருப்பார்கள். வெல்டு போட்ட இடத்திலேயே அறுந்தால் மட்டும் பிளேடை ஒட்டிக் கொடுத்தவரிடம் போய்க் கேளுங்கள். ஆக, அறுந்த துண்டைத் தூக்கி மூலையில் போடாதீர்கள். எங்கே, எந்தப் பக்கத்திலிருந்து அறுந்தது என்று அதுவே சொல்லிவிடும்.

பல் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த நேரத்திலும் குறைந்தது மூன்று பல்லாவது இரும்புக்குள் இருக்க வேண்டும். மெல்லிய பைப்புக்கு 10/14 (அங்குலத்துக்கு 10 முதல் 14 பல்), 100 மி.மீ. கெட்டி ரவுண்டுக்கு 4/6 அல்லது 3/4. இரண்டு வேலையும் நடக்கும் பட்டறையில் ஒரே பிளேடை வைத்து ஓட்டுவது மிச்சமில்லை. மெல்லிய பைப்பில் பெரிய பல் மாட்டி உடையும், கெட்டி ராடில் சின்னப் பல்லின் குழி நிரம்பி வெட்டே நின்றுவிடும்.

புதுப் பிளேடைப் பழக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இதை நம் பக்கத்தில் அநேகமாக யாரும் செய்வதில்லை. பைமெட்டல் பிளேடில் முதுகு ஸ்பிரிங் ஸ்டீல், பல்லின் நுனி எம்42 என்கிற ஹைஸ்பீடு ஸ்டீல். அதில் ஏறக்குறைய 8 சதவீதம் கோபால்ட். ரொம்பக் கடினமானது, அதனாலேயே நுனி சவரக்கத்தி போல மெலிந்திருக்கும்போது முழு ஃபீடில் அமுக்கினால் பொடிப்பொடியாக உதிரும். அந்த உதிர்வு கண்ணுக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து “பிளேடு சீக்கிரம் மழுங்கிருச்சு” என்ற பேச்சாகத்தான் வெளியே வரும். எனவே புதுப் பிளேடு மாட்டியதும் பிளேடு ஓடும் வேகத்தை வழக்கம் போல வைத்து, ஃபீடைப் பாதிக்குக் குறைத்து, முதல் 300 முதல் 600 சதுர செ.மீ. வரை வெட்டுங்கள். 100 மி.மீ. ரவுண்டு ஒரு வெட்டுக்கு 78 சதுர செ.மீ. சொச்சம். அப்படியானால் முதல் நாலு முதல் எட்டு வெட்டு மட்டும் நிதானமாகப் போனால் போதும். பிறகு படிப்படியாக ஃபீடைக் கூட்டலாம்.

பாதி வெட்டில் பிளேடு போய்விட்டால், புதுப் பிளேடை அதே பள்ளத்தில் இறக்கவே கூடாது. புதுப் பல்லின் அகலம் கூடுதல், தேய்ந்த பிளேடு வெட்டிய பள்ளத்துக்குள் அது நெருக்கி மாட்டிக்கொள்ளும். ராடைத் திருப்பி வைத்துப் புது இடத்தில் தொடங்கச் சொல்லுங்கள்.

ஃபீடு சரியா என்று பார்க்க மீட்டர் வேண்டியதில்லை. மெஷினை நிறுத்திவிட்டு விழுந்த சுருளைக் கையில் எடுத்துப் பாருங்கள். மாவு போலத் தூளாக இருந்தால் பல் வெட்டவில்லை, உரசிக்கொண்டிருக்கிறது. தடித்து நீலம் பாய்ந்திருந்தால் ஃபீடு அதிகம். வெள்ளி நிறத்தில், தளர்வாகச் சுருண்டு, இளஞ்சூடாக இருந்தால் அப்படியே ஓட்டலாம். சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடை நிமிடத்துக்கு 60 முதல் 80 மீட்டர் வேகத்தில் ஓட்டும் பிளேடை, எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வரும்போது பாதிக்குக் குறைக்க வேண்டும். வேகத்தைத்தான் குறைக்க வேண்டும். பயந்துபோய் ஃபீடையும் ரொம்பக் குறைத்துவிட்டால் எஸ்.எஸ். உரசல் பட்டே இறுகிவிடும், அதன் பிறகு எந்தப் பல்லும் இறங்காது.

வெட்டும்போது பிளேடைக் குளிர்விக்கும் கூலண்ட் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் கட்டிங் ஆயிலைக் கலந்தால் சரியாகக் கரையாமல் மேலே பிரிந்து ஏடு படியும், மெஷின் மேல் வெள்ளையாகப் பொரியும். ஆர்.ஓ. தண்ணீர் வசதி இருந்தால் அதையே ஊற்றுங்கள். தண்ணீருக்குள் ஆயிலை ஊற்றிக் கலக்க வேண்டும், ஆயிலுக்குள் தண்ணீரை ஊற்றக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் தொட்டி தினமும் இறங்கும். பையன் வெறும் தண்ணீரை ஊற்றி நிரப்பிக்கொண்டே வருவான். பாதி ஆயில் சுருளோடு ஒட்டி ஏற்கெனவே வெளியே போயிருக்கும். கடைசியில் தொட்டியில் பால் நிறம் மட்டும்தான் மிச்சம். தண்ணீரில் ஆயில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றை வாங்கி வைத்து வாரம் ஒருமுறை பாருங்கள், அறுக்கும் வேலைக்கு ஆயில் 8 முதல் 10 சதவீதம் இருந்தால் நல்லது. கருவியில் தெரியும் எண்ணை ஆயில் டப்பாவில் போட்டிருக்கும் காரணியால் பெருக்க வேண்டும், அதை மறந்துவிடுகிறார்கள். திங்கட்கிழமை காலையில் தொட்டி நாறினால் மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்து, அடியில் படிந்த சகதியை அள்ளிக் கழுவுங்கள். அந்தத் தண்ணீரில் நாள் முழுக்கக் கை வைப்பவனுக்குத்தான் சொறி வருகிறது. வார்ப்பிரும்பு வெட்டும்போது மட்டும் கூலண்டை நிறுத்திவிடலாம்.

சின்னக் கம்பிப் பிரஷ் ஒன்று பிளேடைத் துடைத்துக்கொண்டே சுற்றும். அது தேய்ந்து மொட்டையாகிப் பிளேடைத் தொடாமல் நிற்பதைப் பல பட்டறைகளில் பார்க்கிறேன். துடைக்காத சுருள் பல்லின் குழியிலேயே தங்கி மறுபடி வெட்டுக்குள் போகிறது, பல் கொட்டுகிறது. மெஷினிலேயே மலிவான பாகம் அதுதான், அதைத்தான் மாற்றாமல் விடுகிறோம். ராத்திரி மூடும்போது டென்ஷனைத் தளர்த்திவிட்டுப் போவதற்கும் காசு செலவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சுருட்டி வரும் புதுப் பிளேடின் கட்டை அவிழ்த்ததும் அது துள்ளி விரியும். கையுறையும் கண்ணாடியும் போடாத எவனையும் அதைத் தொட விடாதீர்கள். பிளேடு ஓட ஆரம்பித்த பிறகு அதன் பக்கத்தில் அதே கையுறை ஆபத்து, கழற்றிவிட வேண்டும். பிளேடு மாற்றும்போது மெயினை ஆஃப் செய்து பூட்டிச் சாவியை அந்த ஆளே வைத்திருக்கட்டும். சக்கர மூடி இல்லாமல் ஓடும் மெஷினுக்கு நான் இனிமேல் வேலை செய்யப் போவதில்லை. மூடியை மாட்டிவிட்டுக் கூப்பிடுங்கள்.

இவ்வளவையும் ஒரு முதலாளி தலையில் வைத்துக்கொள்ள முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் பொறுப்பாளி கேட்கிறேன். ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்துவிட்டு உங்களிடம் இருக்கும் பையன்களில் ஒருவனைத் தேர்ந்தெடுத்து, “இந்த மெஷின் உன்னுது” என்று சொல்லி, மாதம் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். காலையில் வெட்டு ஆரம்பிக்கும் முன் இருபது நிமிஷம் அவனுக்கு விடுங்கள், அந்த நேரத்தில் அவசர வேலை என்று எதையும் நீட்டாதீர்கள். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். எந்தப் பிளேடு, என்றைக்கு மாட்டியது, என்ன இரும்பு, எத்தனை சதுர செ.மீ. வெட்டியது, எப்படிப் போனது என்று அவன் எழுதட்டும். அந்த நோட்டைப் பார்த்த பிறகு பிளேடு கம்பெனி மாற்றலாமா என்று பேசுவோம்.

மடீட்சியா நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பொறுப்பாளிகளுக்கு ஒரு நாள் வகுப்பு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் பட்டறைகளுக்கும் இடைஞ்சல் இல்லை. படம் போட்டுக் காட்டும் வகுப்பு போதாது, ஓடுகிற மெஷின் ஒன்று வேண்டும், பையன்கள் தாங்களே பிளேடு கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். கே.புதூர் அரசு ஐ.டி.ஐ. மாணவர்களையும் கூடச் சேர்த்துக்கொண்டால் நல்லது, நாளைக்கு அவர்கள்தான் உங்களிடம் வேலைக்கு வரப் போகிறார்கள். சொல்லித்தர நான் வருகிறேன், பணம் வேண்டாம். அறுந்த பிளேடுகள் ஒரு சாக்கு நிறைய என்னிடம் இருக்கின்றன, அவற்றையும் கொண்டு வருகிறேன். உங்களிடம் இருப்பதையும் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
கப்பலூர், கே.புதூர் பட்டறைகளில் மெஷின் பராமரிப்பு பார்க்கும் ஒரு ஃபிட்டர்