கஞ்சான்னாலே சடைமுடிப் படம்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கஞ்சா பத்தி செய்தி வந்தாலே சடைமுடி, சிவந்த கண்ணு, மூலையில சுருண்டு கிடக்குற ஒரு ஆளுன்னு ஒரே படம்தான் போடுறீங்க. வேலைக்குப் போயிட்டு குடும்பத்தப் பாத்துக்கிட்டு யாருக்கும் தெரியாம இழுக்குறவங்களும் இருக்காங்க, வெளிய சொன்னா வேலை போயிரும்னு வாயத் தொறக்க மாட்டாங்க, அதனால கண்ணுல படுறது மாட்டுனவங்க மட்டும்தான். அமெரிக்கால கறுப்பினத்தவரும் வெள்ளக்காரங்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் பயன்படுத்துறாங்க, ஆனா கைதாகுறது கறுப்பினத்தவர்தான் 3 மடங்குக்கு மேல.

பிளாக் மார்க்கெட்ல பொட்டலத்துக்கு லேபிள் கிடையாது, போதை ஏத்துற டிஹெச்சிங்கிற பொருள் எவ்வளவு, பூஞ்சை இருக்கா, பூச்சிமருந்து அடிச்சதா ஒண்ணும் தெரியாது, ஏமாந்தா போலீஸ்ல போயி புகார் குடுக்கவா முடியும்?

கஞ்சாவ சட்டப்பூர்வமாக்குனா எல்லாம் சரியாயிரும்னும் நான் சொல்லல. உருகுவே 2013லயும் கனடா 2018லயும் கஞ்சாவ அனுமதிச்சு சட்டம் கொண்டு வந்தாங்க, கனடால ஆளுங்க மெல்ல மெல்ல லைசன்ஸ் கடைப்பக்கம் மாறுனாங்க, அதே மாதிரி அனுமதிச்ச அமெரிக்காவோட கலிபோர்னியாலயோ டாக்ஸ், லைசன்ஸ் செலவுன்னு விலை ஏறுனதுல திருட்டு யாவாரம் இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. டீன் ஏஜ் பசங்களுக்கு இது கெடுதல்தான், அதுல மாத்துக்கருத்தே இல்ல, ஆனா திருட்டுத்தனமா விக்கிறவன் எவனும் வயசு கேட்டு விக்கிறதில்லையே சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்