பிள்ளைக் காம்பரா கட்டி முடிக்க இன்னும் 2,65,000 ரூபாய் வேண்டும்

அருள்மிகு மாரியம்மன் துணை

அன்புடையீர், வணக்கம்.

நீலகிரி பந்தலூர் பக்கம் நம் தேயிலைக் குடியிருப்பில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்குச் சுவர் எழும்பி நிற்கிறது, கூரை இல்லை. ஜூன் பிறந்தால் நம் பக்கத்து மழை உங்களுக்கே தெரியும். மே 20-க்குள் கூரை ஏறாவிட்டால் இந்த வருடமும் போச்சு. தகடு வாங்க 10-ஆம் தேதிக்குள் மேஸ்திரி முன்பணம் கேட்கிறார்.

1964-ல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, இலங்கைத் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர்கள் நம் பெரியவர்கள். நம்மவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968-ல் அரசு தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. அட்டைக்கடியும் குளிருமாகக் காட்டில் கன்று நட்டார்கள். லயத்துக்கு, அதாவது வரிசை வீடுகளுக்கு, ஓடு மாற்றுமுன் அம்மனுக்கு ஒரு கல் நட்டுக் கும்பிட்டார்கள். தாய் கொழுந்து பறிக்கப் போனால் பிள்ளை தொட்டிலில் ஆயம்மாவின் கண்பார்வையில் கிடக்கும். அப்படி வளர்ந்தவர்கள்தான் இதைப் படிக்கும் நம்மில் பலரும்.

இன்று அந்த ஆயம்மா இல்லை. 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 1951-ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம். நம் பெண்களில் பாதிப்பேர் இப்போது நாள்கூலிக்குப் போகும் சிறு தோட்டங்களில் அதைக் கேட்க வழியில்லை. காலை ஏழரைக்கு இடுப்பில் படங்குத் துணி கட்டிப் போனவள் திரும்ப மாலை ஐந்தாகிறது. பள்ளி லீவு நாளில் நான்கு வயதுப் பிள்ளையை ஏழு வயதுப் பிள்ளை பார்த்துக்கொள்கிறது. அந்த வீட்டுக்குள் யார் நுழைகிறார், மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்று யார் கூட்டிப் போகிறார், யாருக்குத் தெரியும்?

வெளியாள்தான் கெடுப்பான் என்று நினைக்க வேண்டாம். 2007-ல் மத்திய பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளிடம் தவறாக நடந்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளுக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டிருந்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மாமா முறை, சித்தப்பா முறை என்று நாம் கண்ணை மூடிக்கொள்வதுதான் அவனுக்குப் பலம்.

அதனால்தான் இந்தக் கட்டடத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தோம். ஒவ்வொரு கதவிலும் பெரியவர் கண்ணுயரத்தில் கண்ணாடி. உள்தாழ்ப்பாள் கழிப்பறையில் மட்டும். அதுவும் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில். எந்நேரமும் இரண்டு பெண்கள் இருப்பார்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, குழு உறுப்பினரானாலும் சரி. சுவரில் 1098 என்ற குழந்தைகளுக்கான இலவச உதவி எண்ணைப் பெரிதாக எழுதுவோம். அந்தப் பெண்களின் சம்பளத்துக்கு 60 வீடுகளும் மாதம் 200 ரூபாய் சந்தா தர ஒப்புக்கொண்டுவிட்டன.

மொத்தச் செலவு 6,80,000 ரூபாய். சேர்ந்தது 4,15,000. மீதி: கூரைக்கு 1,40,000, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டிக்கு 55,000, கதவு, ஜன்னல், தரைக்கு 38,000, பாய், அடுப்பு, பாத்திரத்துக்கு 32,000.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எங்கள் கைகூப்பிய நன்றி. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இரவு ஷிப்ட் பார்த்து மாதாமாதம் அனுப்பிய நம் பிள்ளைகள், கிராஜுவிட்டி பணம் வந்த அன்றே கோயில் வாசலில் 10,000 ரூபாயை எண்ணிக் கொடுத்த ஓய்வுபெற்ற தாய், சிமெண்டைக் கடனுக்குத் தந்து இன்றுவரை வாய் திறந்து கேட்காத கடைக்காரர், ஞாயிறு லீவில் மணல் சுமந்த மகளிர் குழுவினர், மதம் பாராமல் கல் கொடுத்த பள்ளிவாசல், சர்ச் பெரியவர்கள் எல்லோரையும் அம்மன் நல்லபடி வைத்திருக்க வேண்டும்.

இன்னும் கொடுக்காதவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. போன திருவிழாவில் வாணவேடிக்கைக்கும் மைக் செட்டுக்கும் ஒரே வாரத்தில் வசூலாயிற்று. பிள்ளைகளுக்கென்றால் மூன்று மாதமாகக் கதவைத் தட்டுகிறோம். "நம் லயத்தில் அப்படியெல்லாம் நடக்காது" என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. நடந்தால் மானம் போகும் என்று பேசி அமுக்கி விடுவதும் நமக்குத் தெரியாததா? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் வருட போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் மறைப்பதே குற்றம். ஆறு மாதம் வரை சிறை உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்கு வராது. பிள்ளையின் பெயரை வெளியிடவும் சட்டம் விடாது.

500 ரூபாயானாலும் சரி, ஒரு தகடானாலும் சரி. பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் வீட்டார் மூலம் அனுப்பலாம். வெள்ளிக்கிழமைதோறும் வரவு செலவைக் கோயில் பலகையில் ஒட்டுகிறோம்.

இப்படிக்கு,
பிள்ளைக் காம்பரா கட்டடக் குழுவினர்