சீகையை வெட்டிய பிறகுதான் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளில் பரவிவிட்ட அயல் மரமான சீகையை (வாட்டில்) அகற்றுவது பற்றிய செய்திகளில், எத்தனை ஹெக்டேர் வெட்டப்பட்டது என்ற கணக்குதான் பெரும்பாலும் வருகிறது. வெட்டிய இடம் மூன்றாம் ஆண்டில் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

சீகை விதையின் ஓடு கெட்டியானது. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் கெடாமல் கிடக்கும். சூடு பட்டு ஓடு விரிசல் விட்டால் கூட்டமாக முளைக்கும். பொக்லைன் விட்டு மண்ணைப் புரட்டுவதும், கழித்த கிளைகளை அங்கேயே குவித்துக் கொளுத்துவதும் சீகைக்கு நாற்றங்கால் போட்டுக் கொடுப்பதுதான். ஆள் வைத்துத் தரையோடு ஒட்ட அறுத்து, கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே போட்டால் மண் அரிப்பும் குறையும். சீகையில் ஒரு வகை வேரிலிருந்தே கன்று விடும். கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) அடிக்கட்டையிலிருந்து தழைக்கும். இரண்டுமே ஒரே வெட்டில் அடங்காது.

அடுத்த மழையில் கிளம்பும் சீகைக் கன்றுகளை மண் ஈரமாக இருக்கும்போதே, முழங்கால் உயரம் தாண்டும் முன், கையால் வேரோடு பிடுங்க வேண்டும். அரிவாளால் சீவினால் அடியில் மறுபடி துளிர்க்கும். சில ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் கன்றுகள் பூத்துக் காய்த்து, மண்ணில் புதிய விதை சேர்ந்துவிடும். செலவழித்ததெல்லாம் வீண்.

சீகை அடர்த்தியில்லாத இடத்தில் பழைய புல் தூர்கள் பிழைத்திருக்கும். வெயில் பட்டாலே தழைக்கும். பல காலம் இருண்டு கிடந்த தோப்பில் புல்லை நட்டுத்தான் ஆக வேண்டும். அருகிலுள்ள புல்வெளியில் தூர்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்து, ஐந்தாறு தண்டு கொண்ட பிடிகளாகப் பிரித்து, இலையை அரை அடிக்கு நறுக்கி, ஜூன் மழை பிடித்ததும் ஒரு அடி இடைவெளியில் நடலாம். வேர் பிடிக்கும் வரை மாடு இறங்கக் கூடாது. அவசரத்துக்குக் கிக்கியு என்ற அயல் புல்லை நட்டால் படத்துக்குப் பச்சையாக இருக்கும்; ஆனால் அது மற்ற புல்லை வளரவிடாது.

சோலையை (மலை மடிப்புகளில் உள்ள இயற்கைக் காட்டை) ஒட்டிய பழைய சீகைத் தோப்புகளை மொட்டையடிக்க வேண்டாம். அந்த நிழலில் சோலை மரக் கன்றுகள் எழும்பியிருக்கும். அங்கே சீகையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தால் போதும்.

வெட்டி வெளியான புல்வெளியில் சுற்றுச்சூழல் தினத்துக்கு மரக்கன்று நடும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் சோலைக் கன்றுகள் கருகிவிடும். பனியைத் தாங்கும் அயல் மரங்களை நட்டாலோ தண்ணீர் குறையும். உதகை அருகே கிளென்மார்கனில் இரு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் அளந்தார்கள். புல்வெளியில் கற்பூர மரம் நட்ட பக்கம், முதல் பத்தாண்டுகளிலேயே நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்திருந்தது.

ஆகவே, வெட்டும் ஒப்பந்தத்திலேயே குறைந்தது ஐந்து ஆண்டு கன்று பிடுங்கும் கூலியையும் சேர்க்க வேண்டும். மூன்றாம் மழைக்காலம் முடிந்து, இடத்தை நேரில் பார்த்த பிறகே வெட்டு வேலைக்கான கடைசித் தவணையைத் தர வேண்டும்.

இப்படிக்கு,
புல்வெளி மீட்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
கோத்தகிரி