சட்ட நூலகத்துக்குத் திருப்பணி போதாது, கட்டளை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் நெடுங்காலம் பத்திர எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பொதுமக்கள் சட்ட நூல்களைப் படிக்கும் வசதியை நம் பகுதியில் யார் பொறுப்பேற்று நடத்துவது, அதற்கான பணம் எங்கிருந்து வருவது என்பது பற்றி எழுத விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அறுபது வயது கடந்த ஆச்சி ஒருவர், பிறந்த வீட்டில் தமக்குள்ள பாத்தியத்தைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுத என்னிடம் வந்தார். "1989-க்கு முன்னமே கலியாணமான பொண்ணுக்குச் சமபங்கு கிடையாதாமே, பேரன் நூலகத்துல பாத்துட்டு வந்து சொன்னான்" என்றார். பேரன் படித்ததில் தவறில்லை. 1989 மார்ச் 25-க்கு முன் மணமான மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கு இல்லை என்றுதான் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு செய்த திருத்தம் சொன்னது. ஆனால் அந்தச் சட்டமே நாடு முழுவதற்கும் 2005-இல் திருத்தப்பட்டபோது அந்த வேறுபாடு நீங்கியது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, அத்திருத்தம் வந்த அன்று தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. நூலகத்தில் இருந்ததோ 2005-க்கு முந்தைய பதிப்பு. பத்திரத்தை எழுதாமல் அவரை ஒரு வழக்கறிஞரிடம் அனுப்பிவைத்தேன். விட்டுக்கொடுப்பதும் கொடுக்காததும் அவர் விருப்பம். உரிமை உண்டு என்று அறிந்து விட்டுக்கொடுப்பது வேறு, இல்லை என்று நம்பிக் கையெழுத்திடுவது வேறு.

ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமையாளர்களாக உள்ள செட்டிநாட்டில் இத்தகைய கேள்விகள் ஓயாமல் எழுகின்றன. கதைப் புத்தகம் பழையதானால் குறைவில்லை. சட்டப் புத்தகம் பழையதானால் படிப்பவருக்கு நேரடியாகவே கேடு விளைகிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் மாற்றாகப் புதிய சட்டங்கள் வந்துவிட்டன. அவை எத்தனை கிளை நூலகங்களின் அலமாரிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்பதை ஒவ்வொரு வாசகரும் தம் ஊரில் பார்க்கலாம். நீதிமன்ற நூலகங்கள் நீதிபதிகளுக்கும், வழக்கறிஞர் சங்க நூலகங்கள் அவற்றின் உறுப்பினர்களுக்கும் உரியவை. வழக்கில் சிக்கிய சாதாரண மனிதருக்கு எஞ்சுவது பொது நூலகம் ஒன்றுதான்.

அதை நடத்தும் ஏற்பாடு நம்மிடம் ஏற்கெனவே உண்டு. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு இருக்கிறது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக உள்ளாட்சி அமைப்புகள் வசூலித்து அதனிடம் செலுத்த வேண்டும். வசூலானது உரிய காலத்தில் போய்ச் சேர்வதில்லை என்பது பல இடங்களில் உள்ள பழைய குறை. அதைவிடப் பெரிய குறையாக எனக்குப் படுவது, வந்து சேரும் தொகையிலும் சட்டப் பிரிவுக்கென்று ஆண்டுதோறும் தனியே ஒதுக்கும் கட்டாயம் இல்லாததே.

கொடை கேட்கலாமே என்பார்கள். கொடுப்பதற்கு இங்கே ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் நாம் கோவிலுக்குத் திருப்பணி செய்வதோடு நின்றுவிடுவதில்லை. நித்திய பூசை தடைப்படாதிருக்கக் கட்டளை என்னும் நிலையான அறக்கொடையும் வைக்கிறோம். சட்ட நூலகத்துக்கு ஒரு கட்டடமும் ஒரு முறை வாங்கிய நூல்களும் திருப்பணி போன்றவை. ஆண்டுதோறும் புதிய பதிப்பும் தீர்ப்புத் தொகுதிகளும் வாங்குவதற்கு முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடும் கட்டளை வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த அரிய நூல்கள், அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால் அழியாமல் தப்பின. 1994 முதல் அவை சென்னையில் இருக்கின்றன. அவற்றைத் தாங்கும் அமைப்பு ஒன்று இங்கேயே இருந்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மாவட்டம் போன்ற ஒவ்வொரு கவுண்டிக்கும் பொதுச் சட்ட நூலகம் உண்டு. உரிமையியல் வழக்குத் தொடுப்போர் கட்டும் கட்டணத்தில் ஒரு பகுதி அதற்குச் செல்கிறது. நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் அடங்கிய அறங்காவலர் குழு அதை நிர்வகிக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வழக்குகள் குறைந்தபோது வருமானமும் குறைந்து, மாநில அரசு உதவ வேண்டியதாயிற்று. ஆகவே நமக்கு நிலையான நூலக வரியே அடிப்படையாக இருக்கட்டும் என்பேன். கட்டளை அதற்குத் துணையாகலாம்.

நிர்வாகத்துக்கு மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கீழ் ஒரு சிறு துணைக்குழு போதும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளர், வழக்கறிஞர் ஒருவர், சட்ட ஆசிரியர் ஒருவர், வாசகர் இருவர் அதில் இருக்கலாம். எந்த நூலை நீக்குவது, எதை வாங்குவது என்று ஆண்டுக்கு இருமுறை அவர்கள் முடிவு செய்யட்டும். நகரத்தாரின் கோவில்களில் புள்ளி வரி, அதாவது குடும்பக் கணக்கில் வசூலாகும் வரி, கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டுவது போல, சட்டப் பிரிவின் வரவு செலவை நூலகப் பலகையில் எழுதி ஒட்டட்டும்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2023 முதல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன என்பது உண்மை. என்றாலும், அந்த ஆச்சிக்கு எங்கே தேடுவது என்று காட்டிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். பயிற்சி பெற்ற நூலகரின் ஊதியமும் இந்தச் செலவில் சேர்ந்ததே.

என்னிடம் உள்ள முத்திரைச் சட்டம், பதிவுச் சட்ட நூல்களை நூலகத்துக்குத் தரவே முதலில் எண்ணினேன். எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை காலாவதியானவை. அப்படியொரு கட்டளை தொடங்கப்படுமானால், அவற்றின் புதிய பதிப்புகளுக்கு ஆகும் விலையை என் முதல் பங்காகச் செலுத்தக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
காரைக்குடி