முட்டி வீக்கத்துக்கு முந்தின வயிற்றுப்போக்கு

அன்புள்ள மலர்,

நேற்று வீடியோ காலில் தண்ணீர் எடுக்க எழுந்தவள், இடது குதிகாலை ஊன்றாமல் நுனிக்காலில் நடந்தாய். நீ சொல்லவில்லை, நான் பார்த்துவிட்டேன். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது உயிர் போகிறதா? அந்த வலி எனக்குத் தெரியும்.

முட்டி வீக்கத்துக்குக் கால்சியம் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்றாய். மூன்று வாரத்துக்கு முன்னால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாகக் கிடந்ததை நீ அங்கே சொல்லியிருக்க மாட்டாய். வயிற்றுக்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

சம்பந்தம் இருக்கிறதம்மா. சால்மொனெல்லா, ஷிகெல்லா, கேம்பிலோபாக்டர் மாதிரிக் கிருமிகள் குடலைப் படுத்திவிட்டுப் போன பிறகு, ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் சிலருக்கு மூட்டு வீங்கும், உனக்கு வலிக்கிற மாதிரி குதிகாலும் வலிக்கலாம். முட்டியிலிருந்து நீர் எடுத்துக் கல்ச்சர் வைத்தால் கிருமி வளராது. அதை விரட்டக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி அடங்காமல் மூட்டில் அழற்சியை உண்டாக்குகிறது. ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள்.

1962-ல் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றில் சுமார் 600 பேருக்கு ஒரே சமயத்தில் ஷிகெல்லா வயிற்றுக்கடுப்பு. மூட்டு நோய் வந்தது அதில் ஒன்பது பத்துப் பேருக்குத்தான். பல வருஷம் கழித்து அவர்களில் ஐந்து பேரைத் தேடிப் பிடித்து ரத்தம் பார்த்தார்கள். நான்கு பேருக்கு எச்எல்ஏ-பி27 என்ற மரபணு இருந்தது.

அந்த மரபணு எனக்கும் இருக்கிறது.

என் முதுகுவலியைப் பல வருஷம் டிஸ்க் என்று சொல்லி பெல்ட் கட்டினார்கள். விடியற்காலையில் குனிந்து சோப்பை எடுக்க முடியாது, பத்து மணிக்கு மேல் சரியாகிவிடும். ஓய்வெடுத்தால் கூடும், நடந்தால் குறையும். அது முதுகுத்தண்டு இறுகும் நோய் என்று தெரிந்தபோது நீ பிளஸ் டூ. பயப்படுவாயே என்று உன்னிடம் மறைத்தேன். அது தப்பு. அந்த நோய்க்கும் இந்த மரபணுவுக்கும் உள்ள தொடர்பை 1973-லேயே லண்டனிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் கண்டுபிடித்துவிட்டார்கள். என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்திருந்தாலும், அது உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு ஆயுசு முழுக்க ஒன்றும் ஆவதில்லை. அதனால் டெஸ்ட் ரிசல்ட்டைப் பார்த்து அழக்கூடாது.

நாளைக்கே மூட்டு நோய் நிபுணரிடம், ருமடாலஜிஸ்ட் என்று போர்டு இருக்கும், அப்பாயின்ட்மென்ட் வாங்கு. வயிற்றுப்போக்கு வந்ததையும் அப்பாவின் நோயையும் நீயாகவே சொல். அவர்கள் கேட்கட்டும் என்று இருக்காதே. காய்ச்சலோடு முட்டி கொதித்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போ, மூட்டுக்குள்ளேயே கிருமி புகுந்திருந்தால் அது வேறு வியாதி. கண் சிவந்து வெளிச்சம் பட்டால் வலிக்கிறது என்றால் அன்றைக்கே கண் டாக்டர். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு மட்டும் வாங்கிப் போடாதே. பலருக்கு இது சில மாதத்தில் அடங்கிவிடும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன், கீழ் பெர்த் கிடைத்துவிட்டது. என் பழைய ஃபைலையும் எக்ஸ்ரேக்களையும் எடுத்து வருகிறேன், டாக்டரிடம் காட்டலாம். ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன்.

உன்
அப்பா